பந்தை மேலே தள்ளுவது யார்?

மேல்நோக்கி எறிந்த ஒரு பந்து கையை விட்டுப் பிரிந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிடலாம். இந்தக் கணத்தில் பந்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

இயக்கவியல் பாடம் தொடங்கும் ஒவ்வொரு வகுப்பிலும் நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். பெரும்பாலான தாள்களில் இரண்டு அம்புகள் இருக்கும். கீழ்நோக்கி எடை. மேல்நோக்கி இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் நீளமாக.

"மேலே போட்டிருக்கிறாயே, அது என்னம்மா?"

"எறிந்த விசை சார். அது இல்லாவிட்டால் பந்து எப்படி மேலே போகும்?"

"சரி. அதை இப்போது யார் கொடுக்கிறார்கள்?"

"கை."

"கை பந்தைத் தொட்டுக்கொண்டா இருக்கிறது?"

அவள் தன் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அழிப்பானைத் தேடினாள்.

இதை மக்குத்தனம் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். எறிந்தவர் பொருளுக்குள் ஓர் உந்தலை ஏற்றிவிடுகிறார், காற்றும் எடையும் அதைத் தேய்க்கும்வரை பொருள் ஓடும் என்று 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் நடத்திய ஜான் புரிடானே எழுதியிருக்கிறார். எறிபொருளின் பாதை பரவளையம் என்பதைக் கலிலியோ அச்சில் கொண்டுவந்தது 1638இல்தான். பேரறிஞர்களே இவ்வளவு காலம் தடுமாறிய இடத்தில் பள்ளிப் பிள்ளை தடுமாறாமல் இருக்குமா? எனக்கு வருத்தம் வேறு. மனத்தில் இருக்கும் படத்தைத் திருத்தாமல் சூத்திரங்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பிள்ளை மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறது. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் எல்லாம் கலைந்துவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு அம்புக்கும் "யார் கொடுப்பது?" என்று கேட்கப் பழக்குகிறேன். பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பது எதுவோ அது கொடுக்கலாம், பூமி தொடாமலே இழுக்கலாம். தொடக்கநிலைக் கணக்குகளுக்கு இவ்வளவுதான். பெயர் சொல்ல ஆளில்லாத அம்பை அழித்துவிட வேண்டும். பந்து மேலே போவது கை முன்பே கொடுத்துவிட்ட வேகத்தால்தான், இப்போது தள்ளும் விசையால் அல்ல.

இதே கேள்வி தளத்தில் கிடக்கும் பெட்டிக்கும் உதவும். 10 கிலோ பெட்டி. ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று வைத்துக்கொண்டால் அதன் எடை 100 நியூட்டன். கிடைத்தளத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கிய கயிற்றால் 40 நியூட்டன் விசையோடு இழுக்கிறோம். உராய்வுக் குணகம் 0.2. செங்குத்து விசை, அதாவது தரை பெட்டியைத் தாங்கும் விசை, எவ்வளவு என்றால் கை தானாக 100 நியூட்டன் என்று எழுதிவிடும், ஏனென்றால் அது எப்போதும் எடைக்குச் சமம் என்று மனத்தில் பதிந்திருக்கிறது. கயிறும் பெட்டியைத் தொடுகிறதே! அது 20 நியூட்டன் அளவுக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறது. தரை தாங்க வேண்டியது 80தான். எனவே உராய்வு 20 அல்ல, 80இல் 0.2 பங்கான 16 நியூட்டன். கயிறு கிடையாக இழுப்பது 34.6 நியூட்டன், ஆகவே முடுக்கம் 1.46 அல்ல, 1.86 மீ/வி².

இன்னொன்று, சாய்வாக எறிந்த பந்து உச்சியில் நின்றுவிடுவதாக எழுதுகிறார்கள். செங்குத்து வேகம் மட்டுமே அங்கே சுழியம். கிடைத்தள வேகம் அப்படியே இருக்கிறது, ஈர்ப்பு முடுக்கமும் துளி குறையவில்லை.

அப்புறம் கூட்டல், கழித்தல் குறிகள். 15 மீட்டர் உயரக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து 20 மீ/வி வேகத்தில், 30 டிகிரி மேல்நோக்கிப் பந்தை எறிகிறோம். எப்போது தரையைத் தொடும்? ஈர்ப்பு முடுக்கம் இங்கும் 10 என்றே வைத்துக்கொள்வோம். செங்குத்து வேகம் 10 மீ/வி, கிடைத்தள வேகம் 17.3 மீ/வி. (கணிப்பான் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற கோண அலகில் இருந்தால் சைன் 30க்கு எதிர்க்குறியில் விடை வரும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.) t என்பது விநாடியில் காலம். பலர் 15 = 10t − 5t² என்று எழுதுகிறார்கள். வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்து நிற்கிறது. உடனே கணக்கு தப்பு என்று பக்கத்தையே அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள், அந்தச் சமன்பாடு உண்மையைத்தான் சொல்கிறது. எறிந்த இடத்திலிருந்து 15 மீட்டர் மேலே பந்து எப்போது போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது 5 மீட்டருக்கு மேல் ஏறவே ஏறாது.

தரை கீழே இருக்கிறது, ஆகவே −15 = 10t − 5t². சுருக்கினால் t² − 2t − 3 = 0. பந்து 3 விநாடியில் தரையைத் தொடும், கிட்டத்தட்ட 52 மீட்டர் தள்ளி. வீச்சுக்கான, அதாவது பந்து எவ்வளவு தூரம் தள்ளி விழும் என்பதற்கான, சூத்திரத்தை நேராகப் போட்டவருக்கு 34.6 மீட்டர்தான் கிடைத்திருக்கும். எறிந்த மட்டத்துக்கே திரும்பி விழும் பந்துக்கு மட்டும் உரிய சூத்திரம் அது. இந்த நிபந்தனையையும் சேர்த்தே சூத்திரத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் உண்டு, −1. காலம் எதிர்க்குறியில் வராது என்று எல்லோரும் அதை அடித்துவிடுவார்கள். ஒரு மாணவன் மட்டும் அடிக்காமல் என்னிடம் கொண்டு வந்தான். கட்டிடமே இல்லை, பந்து தரையிலிருந்து புறப்பட்டு இதே பாதையில் வந்தது என்று வைத்துக்கொள், அப்படியானால் அது எப்போது புறப்பட்டிருக்கும் என்று கேட்டேன். நம் கடிகாரம் சுழியம் காட்டுவதற்கு 1 விநாடி முன்னால், மேல்நோக்கி 20 மீ/வி வேகத்தில் என்று அவனே கணக்கிட்டான். பிறகு நான் சொல்லாமலே, தரையைத் தொடும்போது பந்தின் செங்குத்து வேகம் என்ன என்று போட்டுப் பார்த்தான். கீழ்நோக்கி அதே 20.