நாலாவது நாள் செத்துப்போற மாவு

போன பங்குனில ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல 50 கிராம் ஆட்டா 50 கிராம் தண்ணி கலந்து வச்சேன், சாவர்டோ பிரெட்டுக்கு ஸ்டார்ட்டர், அதாவது உறை மாவு, வளக்கலாம்னு. கடை ஈஸ்ட் எதுவும் போடாம, மாவுலயே ஒட்டிட்டு இருக்கற நுண்ணுயிர வளத்து அத வச்சு ரொட்டிய உப்ப வைக்கறதுதான் சாவர்டோ. ரெண்டாவது நாள் சாயங்காலம் பாத்தா மூடிய தள்ளிட்டு சமையல் மேடை பூரா வழிஞ்சு கெடக்கு. அடேங்கப்பா நம்ம கைராசின்னு நெனச்சேன். நாலாவது நாள் ஒரு குமிழி கூட இல்ல, மேல தண்ணி பிரிஞ்சு நிக்குது, ஊறப்போட்ட சாக்கு மாதிரி ஒரு நாத்தம் வேற. அம்மா எட்டிப் பாத்துட்டு "இட்லி மாவு இப்படி கெடந்தா கொட்டிருவேன்"ன்னாங்க, நானும் கொட்டிட்டேன். அடுத்த தடவையும் அதே நாலாவது நாள், அதே கதை.

அப்புறம் உக்காந்து படிச்சப்பதான் புரிஞ்சுது, கொட்டினதுதான் தப்பு. அந்த ரெண்டாவது நாள் பொங்கினது ஈஸ்டே கெடையாது.

பொங்க வச்ச ஆளு பெரும்பாலும் லியூகோனாஸ்டாக்குங்கற பாக்டீரியா கும்பல். பேர்தான் வாயில நுழையாது, ஆனா நம்ம வீட்டுக்கு ரொம்பப் பழைய ஆளு. ராத்திரி அரைச்சு வச்ச இட்லி மாவு காலைல பாத்திரம் நெறைய நிக்குதே, அதுக்கு முக்கியமான காரணம் இதே லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ்தான், உளுந்தோட சேந்தே வந்துடுது. சர்க்கரைய தின்னுட்டு லாக்டிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஆல்கஹால் மூணையும் விடும். இட்லி மாவு உப்பறதுக்கு ஈஸ்ட் தேவையில்லன்னு 1965லயே ஆராய்ச்சில காட்டிட்டாங்க.

கோதுமை மாவுலயும் இதே வகை பாக்டீரியா இருக்கு, தண்ணி பட்டதும் முந்திக்கிட்டு ஆடறது அதுதான். ஆனா ஆட ஆட அமிலம் ஏறுது, ஒரு கட்டத்துக்கு மேல அந்தப் புளிப்ப அதாலயே தாங்க முடியாம தானே அடங்கிப்போகுது. நமக்கு மாவு செத்துட்ட மாதிரி தெரியும். உண்மைல அப்பதான் புளிப்பு தாங்கற வேற பாக்டீரியாவும் ஈஸ்டும் மெதுவா பெருக ஆரம்பிச்சிருக்கும், அளவு போதாததால வெளில ஒண்ணும் தெரியாது. அதனாலதான் சிலர் முதல் ரெண்டு நாள் தண்ணிக்குப் பதிலா அன்னாசி ஜூஸ் ஊத்துவாங்க, புளிப்பு மொதல்லயே இருந்தா லியூகோனாஸ்டாக் ஆட்டத்துக்கே வராது.

இட்லிக்கு இந்தப் பிரச்சினையே இல்ல, ஏன்னா முதல் ஆட்டம் உச்சத்துல இருக்கறப்பவே நாம எடுத்து ஆவில வச்சிடறோம். ரொட்டிக்காரங்க அந்த ஆட்டத்த முழுசா தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவதுக்காகக் காத்திருக்காங்க.

அந்த ரெண்டாவது ஆட்டத்துல ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒண்ணா குடித்தனம் நடத்தற விதம் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். சான் பிரான்சிஸ்கோ ரொட்டிய 1971ல அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ஞ்சப்ப ஒரு பாக்டீரியாவ கண்டுபுடிச்சு அந்த ஊர் பேரையே வச்சாங்க (அப்புறம் பாத்தா அது இத்தாலி மாவுலயும் இருக்கு, அது வேற கதை). மாவுல இருக்கற மாவுச்சத்து ஒடைஞ்சு மால்டோஸ்னு ஒரு சர்க்கரை வரும். பாக்டீரியா அதத்தான் விரும்பித் திங்கும், கூட இருக்கற ஈஸ்டுக்கு மால்டோஸ் செரிக்கவே செரிக்காது, அது மத்த சர்க்கரைய தின்னுக்கும். தட்டு வேற வேறங்கறதால சண்டையே இல்ல. பாக்டீரியா விடற அமிலத்த இந்த ஈஸ்ட் தாங்கிக்கும், வெளில இருந்து வர்ற பலதும் தாங்காது, அதனால வீட்டுக்குக் காவலும் ஆச்சு. நல்லா பழகின ஸ்டார்ட்டர்ல ஒரு ஈஸ்ட் செல்லுக்கு சுமார் 100 பாக்டீரியா இருக்கும்.

காத்து உண்டாகறது மட்டும் போதாது, அத புடிச்சு வைக்கணும். இட்லில உளுந்தோட வழவழப்பு புடிச்சு வைக்குது, அரைக்கறப்ப கைல இழுபடுமே அதுதான். கோதுமைல க்ளூட்டன்ங்கற புரதம். மாவ பிசைஞ்சு ஒரு துண்டு கிள்ளி ரெண்டு கையாலயும் மெதுவா இழுத்துப் பாருங்க, கிழியாம பலூன் தோல் மாதிரி விரிஞ்சு பின்னாடி இருக்கற வெளிச்சம் தெரிஞ்சா சரி. ஆட்டால இது அவ்வளவா வராது, தவிட்டுத் துணுக்கு அந்தத் தோல அங்கங்க அறுத்துடும், பாதி மைதா கலந்தா கொஞ்சம் தேறும்.

நம்மூர்ல பெரிய எதிரி வெயில்தான். வெளிநாட்டு ரெசிப்பி எல்லாம் 24 டிகிரி ரூமுக்கு எழுதினது, பங்குனில என் கிச்சன் 32 டிகிரி, நொதிக்கறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமாயிடும். அவங்க 8 மணி நேரம்னு சொன்னத நம்பி நான் கடைக்குப் போயிட்டு வந்தா மாவு கூழாயிருந்துச்சு. புளிப்பு ஏற ஏற கோதுமைலயே இருக்கற நொதிகள் (என்சைம்) சுறுசுறுப்பாகி க்ளூட்டன வெட்ட ஆரம்பிச்சிடும், வெட்டினப்புறம் என்ன பிசைஞ்சாலும் ஒட்டாது. இப்பல்லாம் ஐஸ் தண்ணி ஊத்தறேன், ஸ்டார்ட்டர் பாதியா கொறைச்சுக்கறேன், மணி பாக்காம, எவ்வளவு ஏறணும்னு அடையாளத்துக்கு பாட்டில்ல போட்ட ரப்பர் பேண்ட மாவு தாண்டிச்சான்னு பாக்கறேன்.

மூணாவது தடவை நாலாவது நாளும் கொட்டல. தெனம் பாதிய எடுத்துட்டு புது மாவும் தண்ணியும் குடுத்துட்டே இருந்தேன், ஏழாவது நாள் காலைல ரப்பர் பேண்டுக்கு மேல ரெண்டு விரல் நின்னுச்சு, நாத்தம் போயி தயிரும் பழமும் கலந்த வாசம். அதுலேர்ந்து தெனம் எடுக்கற பாதிய அம்மா கோதுமை தோசைல ஊத்திடறாங்க. ரொட்டிய அவங்க இன்னும் வாயில வைக்கல.