வைரல் என்றால் காய்ச்சலா, அலரா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மேற்கு மாம்பலத்தில் டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். டோக்கன் 27. உள்ளேயிருந்து வந்த ஒரு பாட்டி, வாசலில் குடையோடு நின்ற மகனிடம், "வைரலாம்டா. மூணு நாள்ல போயிடுமாம்" என்றார். அதே பெஞ்சின் மறுகோடியில் ஒரு கல்லூரிப் பெண், தோழியின் மூக்குக்கு நேரே போனை நீட்டி, "இதாண்டி இப்ப வைரல்" என்றாள். பாட்டி சொன்ன கெடு இரண்டுக்குமே பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னைக்காரர்களுக்கு இந்தச் சொல் முதலில் காய்ச்சலாகத்தான் அறிமுகம். டெங்குவும் இல்லை, டைஃபாய்டும் இல்லை, ஆனால் உடம்பு கொதிக்கிறது என்றால் அது 'வைரல் ஃபீவர்'. வீடியோ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு வாரச் செய்தியைப் புரட்டிப் பாருங்கள்: குரங்கு ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கியது வைரல், தலைவர் மேடையில் கொட்டாவி விட்டது வைரல், எங்கோ ஒரு அதிபர் படிக்கட்டில் தடுக்கியது வைரல். மூன்றுக்கும் ஒரே எடை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'வைரஸ்' என்றால் நஞ்சு, பிசுபிசுத்த சாறு. வடமொழியின் 'விஷ' அதே வேரிலிருந்து கிளைத்தது. அதைத்தான் நாம் விஷம் என்றும், எழுத்தைத் தமிழாக்கி விடம் என்றும் புழங்குகிறோம். ஆக, வைரல் புது விருந்தாளி மாதிரி வந்து நின்றாலும், அதன் பெரியப்பா மகன் பல நூற்றாண்டுகளாக இங்கேயே குடியிருக்கிறான்.

நஞ்சு எப்படி நோயானது என்பதற்கு 1898-க்குப் போகவேண்டும். புகையிலைச் செடியின் இலையில் தேமல் போலப் படரும் ஒரு நோயை நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெயெரிங்க் ஆராய்ந்தார். பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் இலைச் சாற்றை வடித்த பிறகும் அது நல்ல செடியை நோயில் தள்ளியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஏதோ ஒன்றுக்கு 'வைரஸ்' என்ற பழைய சொல்லையே வைத்தார். தமிழில் அதை நச்சுயிரி என்கிறோம், தீநுண்மி என்கிறோம். இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் 'தீநுண்மி வீடியோ' என்று சொல்லிப் பாருங்கள், யாரும் திறக்க மாட்டார்கள்.

இணையத்துக்குள் சொல் நுழைந்தது வியாபாரத்தின் வழியாக. 1996 ஜூலையில் ஹாட்மெயில் தொடங்கியபோது, அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் 'நீங்களும் இலவசமாக ஒரு கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிற மாதிரி ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டு போனது. நண்பனுக்கு நலம் விசாரித்து எழுதியவர், தமக்கே தெரியாமல் விளம்பரத்தையும் சுமந்தார். இதை 'வைரல் மார்க்கெட்டிங்' என்றார்கள்.

சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது: வாங்கியவரே அடுத்தவருக்குக் கொடுப்பவர். ஒரு டிவி சேனல் கோடிப் பேருக்குக் காட்டினால் அது ஒளிபரப்பு. நான் ஐந்து பேருக்கு அனுப்பி, அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால், பத்தாவது சுற்றில் மட்டும் 97 லட்சம் பேரைத் தாண்டும். 2018 ஜூலையில் வாட்ஸாப் இந்தியாவில் ஒரு தகவலை ஒரு தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்தே போதும் என்று கணக்கு சொல்கிறது!

கண்ணெதிரே நடந்த ஓர் உதாரணம். 2019 மே கடைசி வாரம். ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?' என்று கேட்டது. நம்மாள் ஒருவர் 'சுத்தியல்' என்று எழுதியதோடு விடாமல், இது தலையில் விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்று, 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலுவைக் கொண்டுவந்து நுழைத்தார். 'அவர் இப்போது நலமா?' என்று கேள்வி கிளம்ப, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்ற ஹேஷ்டேக் உலக அளவில் மேலே ஏறியது. மே 30 டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. அந்தச் செய்தியோடு போட்டி போட்டது ஒரு சுத்தியல். கேட்டது என்னவோ ஒரு சொல்லுக்குத் தமிழ்தான்.

அப்புறம், தமிழில் இந்தச் சொல் நடந்துகொள்ளும் விதமும் வேடிக்கை. ஆங்கிலத்தில் அது பெயரடை. நாம் அதோடு 'ஆ'வைச் சேர்த்து வைரலானது, வைரலாக்கினார்கள், வைரலான பாட்டி என்று வளைத்துவிட்டோம். அது வரைக்கும் ஒன்றும் குறை இல்லை. 'வைரலாகப் பரவி வருகிறது' என்று எழுதும்போதுதான் பல் கூசுகிறது. 'நடு சென்டர்' என்பதற்கு அண்ணன் அது.

இணைச்சொல்லுக்கு வருவோம். 'வதந்தி' சரிப்படாது, வைரலானது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. 'பரபரப்பு' மனநிலையைச் சொல்கிறது, பயணத்தைச் சொல்லவில்லை. 'காட்டுத்தீ போல' என்பது தேய்ந்த காசு. ஆனால் நம் அகப்பாடல்களில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: அலர்.

தலைவனும் தலைவியும் யாருக்கும் தெரியாமல் பழகுகிறார்கள். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வாய்விட்டு வாய் பரவும் அந்தப் பேச்சுதான் அலர். அலர்தல் என்றால் மலர்தல். இதற்கு முந்தைய நிலைக்கும் தனிச் சொல் உண்டு: அம்பல். சிலருக்குள் மட்டும், வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது. பழைய உரையாசிரியர்கள் அம்பலை மொட்டு என்றும் அலரைப் பூ என்றும் பிரித்தார்கள். குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று சுற்றும் வரை அது அம்பல். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒருவர் வெளியே போட்டால் அலர். ஒற்றை 'வைரலில்' இந்தப் பிரிவு கிடையாது.

வள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், அலரறிவுறுத்தல். அதில் ஒரு குறள்: 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்.' கௌவையும் அலரைக் குறிக்கும் சொல்தான். ஊர்ப்பேச்சு எருவாம், அம்மாவின் திட்டு தண்ணீராம், வளர்வது நோயாம். தலைவி சொல்லும் நோய் காதல் நோய்தான். ஆனாலும் மாம்பலத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்தபோது சிரிப்பு வந்தது.

அடுத்த குறள் இன்னும் கூர்மை. அலர் தூற்றிக் காதலை அணைக்கப் பார்ப்பது, நெய் ஊற்றி நெருப்பை அணைப்பது போல என்கிறது. 2003-இல் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், கலிபோர்னியா கடற்கரையைப் படம் பிடித்தவர் தன் வீட்டையும் எடுத்துவிட்டார் என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் இணையத்திலிருந்து அந்தப் படம் ஆறே தடவைதான் தரவிறக்கப்பட்டிருந்தது; அதில் இரண்டு தடவை அவருடைய வக்கீல்கள். வழக்கு வெளியே தெரிந்ததும் ஒரே மாதத்தில் படம் இருந்த இணையதளத்துக்கு 4 லட்சத்துக்கும் மேலானோர் வந்து குவிந்தார்கள். அமுக்கப் போய்ப் பெரிதாக்குவதற்கு ஆங்கிலத்தில் இப்போது அவர் பெயரே வழங்குகிறது. நமக்கு நெய் போதும்.

அலருக்குப் பூவின் பெயர் இருப்பதால் அது மணக்கும் என்றில்லை. ஆற்றங்கரை அத்தியின் ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்தது போல ஊர் நாக்குகள் தன்னை மிதிப்பதாகக் குறுந்தொகையின் 24-ஆம் பாட்டில் தலைவி புலம்புகிறாள். 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸாப்பில் தகவல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரி என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அந்த வாரம் அதன் வீடியோவும் போனுக்குப் போன் போனது. அதை வைரல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'அலர்' இன்றைக்குச் செல்லுமா? 'அலர்ஜி'யின் பாதி மாதிரி கேட்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் சொல் செத்துப்போகவில்லை. மலர்மேல் அமர்ந்த அலர்மேல்மங்கையாக இருக்கிறது, மயிலாப்பூர்த் தெருக்களில் 'அலமேலு' என்று கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறது. என் கட்சி இது: பேச்சாகப் பரவுவதற்கு அலர், அதற்கு முன்னால் அம்பல். குரங்கும் சாவியும் மாதிரியான சில்லறைக்குச் சும்மா 'பரவியது' போதும்.

நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். "அலர் மூணு எழுத்து. வைரலும் மூணு எழுத்து. பரவியது அஞ்சு. தலைப்புல இடம் ஏதுங்க?" என்றார். மறுநாள் அவர் பக்கத்தைப் பார்த்தேன். 'வைரலாகப் பரவியது' என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்து.