துரு ஓரிடம், ஓட்டை வேறிடம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் அப்பா காலத்து பிரிமியர் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் வண்டிக்குள் சீட் மட்டத்துக்கு ஏறிவிட்டது. வடிந்ததும் கழுவி, நாலு கதவையும் திறந்துபோட்டு ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, ஓட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார். போன மாதம் டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது. "தண்ணி வண்டி முழுக்கத்தானே பட்டது. வெயிலும் மழையும் வாங்குற பானட்டுக்கு ஒண்ணும் ஆகல, மூடிக்கிடந்த தரை மட்டும் எப்படி அரிச்சுது?"

எனக்கு இந்தக் கேள்வியின் மேல் தனிப் பிரியம் உண்டு. என் மாமா விட்டுப்போன பத்மினியிலும் இதே இடத்தில்தான் ஓட்டை விழுந்தது, அதை அடைத்து முடிப்பதற்குள் துருவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் திரும்பப் படிக்கவேண்டி வந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாருக்கும் தெரியும்: இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன், மூன்றும் சேர்ந்தால் துரு. தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டதும் மனதில் ஒரு தப்பான படம் விழுந்துவிடுகிறது. ஆக்சிஜன் வந்து இரும்பின் மேல் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே கடிக்கிறது என்று. அப்படியானால் காற்றும் ஈரமும் தாராளமாகப் படுகிற இடம்தான் முதலில் ஓட்டையாக வேண்டும், மிதியடிக்கு அடியில் இருக்கும் தகடு கடைசிவரை புதுசாக இருக்க வேண்டும். நடப்பது நேர் தலைகீழ்.

ஏனென்றால் துருப்பிடித்தல் ஒரே இடத்தில் நடக்கும் ஒரே வேலை இல்லை, இரண்டு இடத்தில் நடக்கும் இரண்டு வேலைகள். ஓரிடத்தில் இரும்பு அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு, அயனியாகித் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடுகிறது. இன்னோரிடத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. எலக்ட்ரான் தகட்டின் வழியே ஓடுகிறது, அயனி ஈரத்தின் வழியே ஓடுகிறது, சுற்று முடிகிறது. அதாவது அது ஒரு பேட்டரி. பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி நமக்குத் தெரியும், மிதியடிக்கு அடியில் ஓடும் இந்தக் குட்டி பேட்டரி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, எந்த இடத்தில் எந்த வேலை என்று யார் முடிவு செய்வது? இதை ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக் காட்டினார் கேம்பிரிட்ஜில் இருந்த யூலிக் எவன்ஸ், 1920-களில். துரு ஆராய்ச்சி என்றால் இன்றைக்கும் அவர் பெயர்தான் முதலில் வரும். சோதனை அவ்வளவு எளிது, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு இரும்புத் தகடு. அதன் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், அந்தத் தண்ணீரில் துளி பீனால்ப்தலீன், துளி பொட்டாசியம் ஃபெரிசயனைடு. முதலாவது, ஹைட்ராக்சைடு உருவாகும் இடத்தில் ரோஸ் நிறம் காட்டும். இரண்டாவது, இரும்பு கரையும் இடத்தில் நீலம் காட்டும்.

தொடக்கத்தில் சொட்டு முழுக்க நீலமும் ரோஸுமாகக் குட்டிக்குட்டிப் புள்ளிகள், கோலப்பொடி கலைந்த மாதிரி எங்கே பார்த்தாலும். கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். புள்ளிகள் பிரிய ஆரம்பிக்கும். சொட்டின் விளிம்பு முழுக்க ரோஸ் வளையம், நடுவில் நீலம், இரண்டுக்கும் இடையில் மெல்ல ஒரு பழுப்பு வளையம் எழும். அந்தப் பழுப்புதான் துரு. முதல் தடவை பார்த்தபோது நான் தகட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டில் எல்லாரிடமும் காட்டப் போய், சொட்டை வழியவிட்டுக் கெடுத்தேன்.

என்ன நடந்தது? விளிம்பில் தண்ணீர் மெல்லிசு, வெளிக்காற்றிலிருந்து ஆக்சிஜன் சட்டென்று தகட்டைத் தொட்டுவிடும். நடுவில் தண்ணீர் ஆழம், அங்கிருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் புதிதாக வந்துசேர நேரமாகும். ஆக எலக்ட்ரான் வாங்கும் வேலை முழுக்க விளிம்புக்குப் போய்விடுகிறது. எலக்ட்ரான் கொடுக்கும் வேலை, அதாவது கரையும் வேலை, ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதியின் தலையில் விழுகிறது. கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி நடப்பது முன்கூடத்தில், அங்கே இரைச்சலும் கூட்டமும். அரிசி மூட்டை காலியாவதோ யாரும் எட்டிப்பார்க்காத பின்கட்டு அறையில். சாப்பிடுகிறவர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக மூட்டை இளைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பழுப்பு வளையம்தான். நடுவில் கரைந்த இரும்பு வெளிப்பக்கம் நகர்கிறது, விளிம்பில் பிறந்த ஹைட்ராக்சைடு உள்பக்கம் நகர்கிறது, இரண்டும் வழியில் சந்தித்த இடத்தில் துரு படிகிறது. அதனால் துரு குவிந்திருக்கும் இடம் வேறு, இரும்பு காணாமல் போன இடம் வேறு. போதாததற்கு, ஹைட்ராக்சைடு சேரும் விளிம்பு காரத்தன்மை அடைந்து அங்குள்ள இரும்பு இன்னும் பத்திரமாகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி பிழைத்துக் கிடப்பதும் சிமென்டின் இதே காரத்தால்தான். இருக்கிறவனுக்கே மேலும் கிடைக்கிறது, இல்லாதவன் கரைகிறான்.

வீட்டு இரும்பு கேட்டின் கால் எங்கே அற்றுப்போகும் என்று பார்த்திருக்கிறீர்களா? மழை வாங்கும் மேல்பாகத்தில் இல்லை, மண்ணுக்குள் ஆழத்திலும் இல்லை, தரையை ஒட்டிச் சற்றுக் கீழே. மேலே காற்று, கீழே ஈரமண், நடுவில் பேட்டரி.

இப்போது வாசகரின் வண்டிக்கு வருவோம். வெள்ளத்தண்ணீர் வடிந்தது, வண்டல் வடியவில்லை. மிதியடிக்குக் கீழே இருக்கும் சணல் பாயும் அதற்குள் புகுந்த நைசு மண்ணும் சேர்ந்து, புண்ணுக்குப் போட்ட ஈரப்பற்று மாதிரி தகட்டோடு ஒட்டிக் கிடந்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். பற்றின் ஓரங்களில் காற்று, நடுவில் காற்றில்லை. எவன்ஸின் சொட்டு அப்படியே, ஒரு முழம் அகலத்தில். பானட் நனைந்தது, காய்ந்தது, கதை முடிந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதி, மட்கார்டு மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, எல்லாம் இதே கதைதான்.

நம் பக்கத்தில் இன்னொரு வினை உண்டு, உப்பு. திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் என்று கடலோரமாக ஓடும் வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தாலே தெரியும். உப்பு தண்ணீரில் மின்சாரத்தை எளிதாக ஓடவிடும், அதாவது மேலே சொன்ன பேட்டரிக்குத் தாராளமான வயரிங். அப்புறம், கடல் உப்பு சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, அதில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் உண்டு. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஐப்பசியில் கல்லுப்பு ஜாடி நசநசவென்று ஆவது இதனால்தான், உவரிக்குப் போய்வந்த வண்டியின் அடித்தகடு மழையே இல்லாத நாளிலும் ஈரமாக இருப்பதும் இதனால்தான். கடற்கரை போய்வந்தால் வண்டியின் மேல்பக்கத்தை விட்டாலும் பரவாயில்லை, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள்.

என் வண்டிக்கு வேலை பார்த்தவர் மேலப்பாளையத்து டிங்கர் பாய் ஒருவர். அதற்கு முன்பு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் துருவைச் சுரண்டாமல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள், எட்டு மாதத்தில் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். பாய் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கொப்புளத்தைக் குத்தினார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. "தம்பி, துரு பட்டிக்கு மேல வராது, பட்டிக்குக் கீழ குடும்பம் நடத்தும்" என்றார். எவன்ஸை அவர் படித்ததில்லை, ஆனால் சொன்னது அதேதான். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு காற்றை மட்டும் தடுக்கிறது. துருவோ, அழிந்த இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும், அதனால் பெயின்டைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறது.

ஆகவே ஓட்டை விழுந்த தகட்டுக்கு மருந்து கிடையாது, அறுவைதான். துருவைச் சுற்றி நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகட்டில் அளவாகப் பேட்ச் வெட்டி வெல்டிங். ஜிங்க் பூசிய தகடு என்றால் வெல்டிங் ஓரத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அந்தப் புகை மூச்சில் போனால் ராத்திரி காய்ச்சல் வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஜிங்க் பிரைமர் வேண்டும். ஜிங்க் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், பந்திக்கு அரிசி பக்கத்து வீட்டிலிருந்து போய்விடும், நம் மூட்டை அப்படியே இருக்கும்.

ஓட்டை விழாத மேல்துருவுக்குத்தான் நம் நாட்டுச் சரக்கு வேலை செய்யும். கடுக்காய். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் டானின். இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயத்தை, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்த துருவின் மேல் தடவினால் கண் முன்னால் நீலக்கறுப்பாக மாறும். டானின் துருவிலுள்ள இரும்பைப் பிடித்துக் கரையாத கறுப்புச் சேர்மமாக மாற்றிவிடுகிறது. அந்தக் காலத்துக் கடுக்காய் மைக்கும் இதே வேதியியல்தான். கடைகளில் விற்கும் துரு மாற்றிகள் பலவற்றிலும் இருப்பது இந்த டானிக் அமிலம்தான். காய்ந்ததும் மேலே பிரைமர் அடிக்காவிட்டால் மட்டும் எல்லாம் வீண்.

இதைச் சொன்னதும் ஒரு உறவினர், வண்டிக்குத் திருஷ்டி கழிக்காததால் வந்த வினை என்றார், சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாது என்றும் ஒரு உபதேசம். நான் பேட்ச் தகடு வாங்கியது சனிக்கிழமைதான், மற்ற நாள் எனக்கு லீவு கிடையாது. டயருக்கு அடியில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. அதிலுள்ள சிட்ரிக் அமிலம் துருவை அருமையாகக் கரைக்கும். துருப்பிடித்த போல்ட்டுகளை அந்தச் சாற்றில் ஒரு ராத்திரி போட்டுவைத்தால் காலையில் மரை தெரியும். சரியான பொருள், தப்பான இடம்.

இதே மண்ணில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோது நானும்தான் பூரித்துப்போனேன். ஆனால் மண்ணிலிருந்து எடுத்த பழைய இரும்புக்குள் குளோரைடு ஒளிந்திருக்கும். வெளிக்காற்றின் ஈரம் பட்டதும் அது மறுபடி வேலையைத் தொடங்கி, பொருள் பாளம் பாளமாக உதிரும். என் மாமா வண்டிக்கும் அந்தப் பழைய இரும்புக்கும் நோய் ஒன்றுதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் துருவையும் ஆராய்கிறது. ராக்கெட்டுக்கு விழும் கைதட்டலில் கால்வாசி அங்கே விழுந்தால் நம் பாலங்களுக்கும் நல்லது என்பது என் கட்சி.

வாசகர் உதிரிபாகம் பற்றியும் கேட்டிருந்தார். மும்பையில் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினி 2023 அக்டோபரோடு ஓய்ந்தது, இனிப் பழசைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் இன்னும் தேறும். காயலான்கடை என்ற பேரே நம் காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள், அதனால் உள்ளூர்ப் பழைய இரும்புக் கடைகளையும் விடாதீர்கள். கதவோ மட்கார்டோ வாங்கும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும், ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. பேரிங் கேட்கும்போது கார் பேரைச் சொல்லாதீர்கள், "பத்மினியா, வராது" என்று பதில் வரும். பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணைச் சொல்லுங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், உலகத்தில் எந்தக் கடையிலும் அதுதான். ஆயில் சீலுக்கும் அளவுதான் பேச்சு. ரப்பர் பீடிங்குக்குப் பழையதில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுபோங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய வரிசையாகச் சின்னத் துவாரங்கள் இருக்கும், வெள்ள மண் அவற்றை அடைத்திருக்கும். ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்துக் குத்திவிடுங்கள். என் வண்டியில் குத்தியபோது இடது பின்கதவிலிருந்து முக்கால் டம்ளர் தண்ணீர் வந்தது, நல்ல சித்திரை வெயிலில்.