ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது திறக்கப்படும் பணிப்பதிவேடு

கல்வித்துறையின் கணக்குப் பிரிவுக்கு ஆசிரியர்கள் தேடி வருவது பெரும்பாலும் ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும்போதுதான். அதுவரைக்கும் மாதக் கடைசியில் சம்பளம் வங்கியில் ஏறிக்கொண்டே இருந்திருக்கும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை. ஓய்வூதியக் கருத்துரு தயாரிக்கப் பணிப்பதிவேட்டைத் திறந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். என்றோ எடுத்த மருத்துவ விடுப்புக்குப் பதிவு இருக்காது. தகுதிகாண் பருவம் முடித்த ஆணை எங்கே என்று தெரியாது. பட்டச் சான்றுக்கு உண்மைத்தன்மைச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். 2019 ஜனவரி வேலைநிறுத்த நாள்கள் பின்னர் அரசாணையால் முறைப்படுத்தப்பட்டன. ஆனால் அந்த வரி பதிவேட்டில் ஏறியிருக்காது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் கணக்குகளோடு வேலை பார்ப்பவன் என்ற முறையில், இதைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்துப் போயிருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவர், கடைசி ஆறு மாதத்தை ஒரு விடுப்பு ஆணையின் நகலைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைவதில் கழிக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பதிவேடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றிய தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர் என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கும். சம்பளப் பட்டியலும் அங்கேதான் போடுகிறார்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியரே பணம் பெற்று வழங்கும் அலுவலர்; பதிவேடு பள்ளியிலேயே இருக்கும். தலைமையாசிரியரின் பதிவேடு அவருக்கு மேலுள்ள அலுவலகத்தில். ஐஎஃப்ஹெச்ஆர்எம்எஸ் என்ற அரசின் நிதி, மனிதவள மேலாண்மைக் கணினி அமைப்பு வந்து, அது களஞ்சியம் ஆன பிறகு எல்லாம் கணினியில் ஏறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கணினியில் ஏற்றியது காகிதப் பதிவேட்டில் இருந்ததைத்தான். அங்கே விடுபட்டது இங்கேயும் விடுபட்டே இருக்கும்.

இருப்பதிலேயே அதிகம் வலி தருவது மிகை ஊதியம். ஆசிரியர் கேட்டு வாங்கியது இல்லை, அலுவலகம் கணக்கிட்டுக் கொடுத்தது. பதவி உயர்வின்போது ஊதிய நிர்ணயம் தவறாகியிருக்கும். அல்லது தேர்வு நிலை ஒரு வருடம் முன்னதாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த ஊதியமில்லா விடுப்பைக் கழிக்காமல் அந்தத் தேதியை எண்ணிவிடுவதுதான் பிரச்சினை. ஆண்டு ஊதிய உயர்விலும் இதே கதைதான். நமக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டின் முதல் நாளில் ஊதிய உயர்வு வருகிறது. இருபது நாள் விடுப்பு கணக்கில் வராமல் போனால், ஜூலைக்குப் போக வேண்டியது ஏப்ரலிலேயே நின்றுவிடும்.

சின்னத் தவறுதானே என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். அதில் 3 விழுக்காடு உயர்வு சேர்ந்து, நூறு ரூபாய்க்கு முழுமையாக்கினால் 37,500. ஆக ஒரே ஒரு ஊதிய உயர்வு அதிகமாகக் கொடுக்கப்பட்டுவிட்டால் மாதம் 1,100 ரூபாய் மிகை, வருடத்துக்கு 13,200, பத்து வருடத்தில் 1,32,000. அகவிலைப்படியையும், அந்தக் கூடுதல் தொகையின் மீது வருடாவருடம் ஏறிய 3 விழுக்காட்டையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தை நெருங்கும். மண்டலக் கணக்கு அலுவலரின் தணிக்கையிலோ, மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஓய்வூதியக் கருத்துருவைச் சரிபார்க்கும்போதோ இது பிடிபடும். பணிக்கொடை வாங்கி மகள் கல்யாணத்தை முடிக்கலாம் என்று இருந்தவர் கையில் பிடித்தம் செய்யும் ஆணை வரும்.

"அன்னைக்கே ஆபீஸ்ல கேட்டேன் சார், எல்லாம் சரியா இருக்குன்னுதானே சொன்னாங்க" என்று அவர்கள் சொல்லும்போது பதில் சொல்ல முடிவதில்லை. அவர்கள் சொல்வது உண்மைதான்.

சட்டம் இந்த இடத்தில் ஆசிரியரை முழுதாகக் கைவிடவில்லை. பஞ்சாப் மாநில அரசுக்கும் ரஃபீக் மசீஹுக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊழியர் மீது தவறில்லாமல் கொடுக்கப்பட்ட மிகை ஊதியத்தை, மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களிடமிருந்தும், ஓய்வுபெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்களிடமிருந்தும் பிடிக்கக் கூடாது. பிடித்தம் செய்யும் ஆணைக்கு முன் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுக்கப்பட்டிருந்தாலும் பிடிக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. கேரளத்தின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வழக்கிலும், 2022 மே மாதம், ஊழியர் ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ வாங்காத பணத்தை ஓய்வுக்குப் பிறகு திரும்பக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் இந்தத் தீர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், மிகையாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்றது. ஊதியக் குழுவை நடைமுறைப்படுத்தும்போது விருப்பப் படிவத்தோடு நாம் கையெழுத்திட்டுத் தருவது அப்படியான உறுதிமொழியைத்தான். 2017 அக்டோபரில் வந்த அரசாணை 303இன்படி புதிய ஊதியத்துக்கு விருப்பம் கொடுத்தபோது, அடியில் இருந்த வரிகளைப் படித்துக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர்? அப்புறம் இன்னொன்று. பிடித்தத்தைத்தான் நீதிமன்றம் தடுக்கிறது. தவறான ஊதியத்தைத் திருத்துவதைத் தடுப்பதில்லை. கடைசி ஊதியம் குறைத்து நிர்ணயிக்கப்பட்டால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். அதனால் எந்த வழக்கையும்விட, தவறு நடந்த அந்த வருடத்திலேயே பார்த்துச் சரிசெய்வதுதான் லாபம்.

குறைவாகக் கொடுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதவி உயர்வின்போது ஊதியத்தைப் பதவி உயர்வு நாளிலேயே நிர்ணயிக்கலாமா, அடுத்த ஊதிய உயர்வு நாளிலா என்று விருப்பம் தெரிவிக்க வாய்ப்பு உண்டு. எது நல்லது என்று இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்காமல், அலுவலகத்தில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கூட வேலை பார்க்கும் இளையவர் தன்னைவிட அதிகம் வாங்குவது பல வருடம் கழித்துத்தான் கண்ணில் படும். பணம் கூடுதலாக வந்தால் தணிக்கை கேட்கும். குறைந்தால் கேட்க நீங்கள்தான் உண்டு.

1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டீர்கள். அந்தத் திட்டத்தில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 விழுக்காடு மாதாமாதம் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு சேர்க்கும். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிந்தால் கணக்கில் வரவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக் கணக்குத் தாளைப் பதிவிறக்கம் செய்து பன்னிரண்டு மாதமும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மாறுதலில் போன மாதம், மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பிய மாதம், நிலுவைப் பட்டியலில் சம்பளம் வாங்கிய மாதம் ஆகியவைதான் பெரும்பாலும் விடுபடும். பட்டியலின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால் விடுபட்ட சந்தாவைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. பள்ளி மாறி, எழுத்தர் மாறி, பதினைந்து வருடம் ஆன பிறகு அந்தப் பட்டியலைத் தேடுவது பெரிய வேலை. பொது வருங்கால வைப்பு நிதியில் இருக்கும் மூத்தவர்களுக்கும் இது பொருந்தும். மாநிலக் கணக்காயரின் ஆண்டுக் கணக்குச் சீட்டில் விடுபட்ட மாதங்களை அவர்கள் அங்கேயே பார்க்கலாம்.

வாரிசு நியமனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பணியில் சேரும்போது கல்யாணம் ஆகியிருக்காது. அப்பா பெயரையோ அம்மா பெயரையோ எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அது அப்படியே இருக்கும். பணியிலிருக்கும்போதே ஆசிரியர் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய மனைவி கைக்குழந்தையோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் வாரிசுச் சான்றுக்காக நடப்பதைப் பார்ப்பது கொடுமை. கல்யாணம் ஆன மாதமே படிவத்தை மாற்றிக் கொடுங்கள், பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றியதைக் கண்ணால் பாருங்கள்.

தலைமையாசிரியர்களிடம் தனியாகப் பேச வேண்டியது பள்ளி மானியத்தைப் பற்றி. சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் வருகிறது. பெரிய பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு செலவழிக்க வேண்டிய பணம் அது. 2021 ஜூலைக்குப் பிறகு பணம் பள்ளிக் கணக்கில் வந்து கிடப்பதில்லை; மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும், பள்ளிக்கு உள்ளது செலவு வரம்புதான். அதனால் மார்ச் கடைசி வாரத்தில் வரம்பு காலாவதியாகிவிடுமே என்று அவசர அவசரமாகப் பொருள் வாங்கிக் குவிக்கிறார்கள். தணிக்கைத் தடைகளில், அதாவது தணிக்கையில் எழுப்பும் ஆட்சேபங்களில், பெரும்பகுதி அந்த ஒரு வாரத்துச் சீட்டுகளில்தான் பிறக்கிறது.

தணிக்கையில் நாங்கள் பார்க்கும் ஒரு செலவுச் சீட்டை எடுத்துக்கொள்வோம். கழிப்பறைக் குழாய் மாற்றியதற்கு 6,200 ரூபாய். குழாய் மெக்கானிக் ஒரு வெள்ளைத் தாளில் "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். வேலை உண்மையாகவே நடந்திருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, தலைமையாசிரியர் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஆனாலும் அது தடைக்கு உள்ளாகும். எந்தக் கழிப்பறை, எத்தனை குழாய், பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று சீட்டில் இல்லை. 5,000 ரூபாய்க்கு மேல் போன ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை இல்லை. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் எண் இல்லை. "ரூ. 6,200 மட்டும் வழங்க அனுமதிக்கப்படுகிறது" என்ற தலைமையாசிரியரின் ஒப்புதல் வரி இல்லை. வாங்கிய குழாய்கள் "இருப்புப் பதிவேடு பக்கம் இத்தனையில் வரவு வைக்கப்பட்டது" என்ற சான்று இல்லை. ஐந்து நிமிட வேலை இவ்வளவும். அன்று எழுதியிருந்தால் முடிந்தது. மூன்று வருடம் கழித்து எழுதினால் அது பின்தேதியிட்ட சான்று. நேர்மையாகச் செலவழித்தவரே பொய் எழுத வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். இதை நான் மிகவும் வெறுக்கிறேன். தடை நீங்காவிட்டால் அந்த 6,200 ரூபாய் அவர் ஓய்வுபெறும்போது நிலுவையாக நிற்கும், தடையின்மைச் சான்று கிடைக்காது.

கடவுச்சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் பெற்று வழங்கும் அலுவலர் தலைமையாசிரியர்தான். பல பள்ளிகளில் களஞ்சியத்தின் எல்லா நிலைக் கடவுச்சொல்லும் ஒரே இளநிலை உதவியாளரிடம், சில இடங்களில் வெளியே இருக்கும் ஒரு கணினி மையத்தில் இருக்கின்றன. பட்டியலைத் தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர் என்று மூன்றாகப் பிரித்ததன் பொருளே அதில் போய்விடுகிறது. வேலைப்பளு எனக்குப் புரிகிறது. தேர்வு, விலையில்லாப் பொருள்கள், எமிஸ் என்ற பள்ளி விவரத் தளத்தில் பதிவு என்று தலைக்கு மேல் இருக்கிறது. ஆனால் யார் கணக்கிற்குப் பணம் போனாலும் ஒப்புதல் பதிவாவது உங்கள் பெயரில். மாதம் ஒருமுறை, ஒப்புதல் தருவதற்கு முன் சம்பளப் பட்டியலின் பெயர்களைப் பணியிட எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, போன மாதத்து நிகரத் தொகைக்கும் இந்த மாதத்துக்கும் ஏன் வித்தியாசம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றே பல தவறுகளைத் தடுத்துவிடும்.

பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை ஊழியரிடம் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். காட்டவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள், எழுத்து மூலமாகக் கேட்டால் இன்னும் நல்லது. கேட்பதால் யாரும் உங்களைக் குறைசொல்லப் போவதில்லை. முழுப் பதிவேட்டையும் நகலெடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு ஆணை, ஊதிய நிர்ணய ஆணை, பணிவரன்முறை ஆணை எது வந்தாலும் அந்த வாரமே பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போனதா, பதில் வந்ததா என்று பின்தொடருங்கள். சில பல்கலைக்கழகங்களிலிருந்து பதில் வர வருடக்கணக்காகிறது, நினைவூட்டல் அனுப்பினால்தான் நகரும்.

மாறுதல் கலந்தாய்வு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும் தலைமையாசிரியர்கள், விடுவிப்பு ஆணை வாங்குவதற்கு முன் ரொக்கப் பதிவேட்டை அன்றைய தேதிக்கு முடித்து, வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, இருப்புத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பொறுப்பேற்பவரும் அதன் கீழே கையெழுத்திடட்டும். இருப்புப் பதிவேடும் செலவுச் சீட்டுக் கோப்புகளும் பட்டியலிட்டு ஒப்படைக்கப்படட்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். சில வருடம் கழித்துத் தணிக்கைக் குழு அந்தப் பள்ளிக்கு வரும்போது உங்கள் காலத்துச் சீட்டு ஒன்று காணவில்லை என்றால், அது நீங்கள் போகும்போது இருந்தது என்று காட்ட வேறு எதுவும் இருக்காது.