கறுப்பு இளவரசரின் கவசம் கறுப்பு என்று யார் சொன்னது?

இந்த முறை திருத்திய வரலாற்று விடைத்தாள்களில் ஒன்பதில் ஒரே வரி: "கறுப்புக் கவசம் அணிந்ததால் எட்வர்டை மக்கள் கறுப்பு இளவரசர் என்று அழைத்தனர்." இரண்டு பேர் அவரை அரசராகவே ஆக்கிவிட்டார்கள். பல வருடமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த மக்கள் அழைத்தார்கள்? இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகனான அவர் 1330-இல் பிறந்து 1376-இல் இறந்தவர். அந்த 45 வருடத்தில் யாரும் அவரை அப்படிக் குறிப்பிட்டதாகச் சான்று இல்லை. வுட்ஸ்டாக்கில் பிறந்ததால் வுட்ஸ்டாக் எட்வர்ட்; பட்டத்தால் வேல்ஸ் இளவரசர். 'கறுப்பு' என்ற அடைமொழி எழுத்தில் தென்படுவது 16-ஆம் நூற்றாண்டில், அவர் இறந்து 150 வருடத்துக்கும் மேல் கழித்து.

சரி, கவசம்? அதற்கும் அவர் காலத்துச் சான்று கிடையாது. கேன்டர்பரி பேராலயத்தில் அவர் கல்லறைக்கு மேல் தொங்கிய மேலங்கி இன்றும் இருக்கிறது. சிவப்பும் நீலமுமான வெல்வெட், அதில் சிங்கங்களும் லில்லி மலர்களும். கல்லறையில் கறுப்புப் பின்னணியில் மூன்று தீக்கோழி இறகுகள் கொண்ட கேடயச் சின்னம் உண்டு. பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். பிரான்சில் அவர் செய்த கொடுமைகளால் வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டுமே ஊகம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள், நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

பிரான்சுக்கு எதிரான போர்களில் 1346 கிரெசி வெற்றி, 1356 புவாத்தியே வெற்றி, புவாத்தியேயில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜான் சிறைப்பட்டது: இவை எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு நடந்ததை ஒருவரும் தொடுவதில்லை. 1367-இல் காஸ்டீல் அரசர் பெட்ரோவுக்காக ஸ்பெயினுக்குப் போய் நஹேராவில் வென்றார். பெட்ரோ ஒப்புக்கொண்ட பணத்தைத் தரவில்லை. போருக்கான கடனை அடைக்க, பிரான்சின் தென்மேற்கில் தான் ஆண்ட அக்விடேனில் வீட்டு அடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று இளவரசர் வரி கேட்டார். அங்குள்ள பிரபுக்கள் பிரெஞ்சு அரசரிடம் முறையிட்டார்கள். 1369-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மறுபடி மூண்டது. வென்ற போரே அவரைக் கவிழ்த்த இந்த இடத்தை எழுதாமல், கவசத்தின் நிறத்துக்கு அரைப் பக்கம் எதற்கு?

1370-இல் நோயாளியாகத் தூக்குப் படுக்கையில், பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்ட லிமோஜ் நகரத்தைப் பிடிக்கப் போனார். அங்கே 3,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அக்காலத்து வரலாற்றுக் குறிப்பாளர் ஃபுருவாசார் தந்த கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் பலர் 300 அளவில்தான் வைக்கிறார்கள். எண் எழுதினால் யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தயவுசெய்து.

அப்புறம், அவரை அரசராக்கிய அந்த இரண்டு பேருக்கு: அவர் இறந்தது 1376 ஜூன் 8. தந்தை மூன்றாம் எட்வர்ட் இறந்தது 1377 ஜூன் 21. மகன் முந்திக்கொண்டதால் பத்து வயதுப் பேரன் ரிச்சர்டுக்குத்தான் மணிமுடி போய்ச் சேர்ந்தது. வெறும் 'எட்வர்ட்' என்று எழுதும்போதுதான் இந்தக் குழப்பம் வருகிறது. முதல் வரியிலேயே வுட்ஸ்டாக் எட்வர்ட் என்று எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே கறுப்பு இளவரசர் என்று எத்தனை தடவை எழுதினாலும் நான் சுழிக்க மாட்டேன்.