லெவி மட்டும் மாதாமாதம் போகிறது, மானியம் யாருக்குப் போகிறது?

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்குச் சம்பளக் கணக்கு நான்தான் பார்க்கிறேன். ஒரு நாள் மசேநி, அதாவது மத்திய சேமநிதி, கட்டிய ரசீதை விரித்து, கடைசியில் இருந்த சின்னத் தொகையைக் காட்டி, "இது எதுக்குன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மசேநி ஆபீஸ் பிடிக்கிற ஏதோ சார்ஜுதானே தம்பி" என்றார். கடை ஆரம்பித்து ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் அதைக் கட்டியிருக்கிறார்.

அது எஸ்டிஎல் என்கிற லெவி, அதாவது திறன் மேம்பாட்டுத் தீர்வை. மசேநி கழகம் வசூல் மட்டும்தான் செய்கிறது, பணம் போய்ச் சேருவது திறன் பயிற்சிகளைக் கவனிக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்புக்கு. 1979ல் கொண்டுவந்தபோது குறைந்த சம்பளக்காரர்களை வைத்திருக்கும் முதலாளிகள் மட்டும் கட்டினால் போதும் என்றிருந்தது. 2008 அக்டோபரிலிருந்து எல்லா ஊழியருக்கும் உண்டு. மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு. ஆளுக்குக் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. ஊழியர் சம்பளத்தில் இதைப் பிடிக்கக் கூடாது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

இவர் கடையில் 12 பேர். சராசரிச் சம்பளம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 6 வெள்ளி 50 காசு, மாதம் 78, வருடம் 936 வெள்ளி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வாசல் இருக்கிறது. சிறு நிறுவனம் ஒன்று தன் ஊழியரைத் தகுதியுள்ள பயிற்சிக்கு அனுப்பினால், பயிற்சிக் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. 900 வெள்ளிப் பயிற்சிக்கு முதலாளி கையிலிருந்து போவது 270, ஜிஎஸ்டி தனி. சம்பளத்தோடு வேலை நேரத்தில் அனுப்பினால், ஆள் கடையில் இல்லாத நேரத்துக்கும் மணிக்கு 4 வெள்ளி 50 காசு ஈட்டுத்தொகை வாங்க வழி இருக்கிறது. அதற்கு ஒரு நிறுவனத்துக்கு வருட உச்சவரம்பு ஒரு லட்சம் வெள்ளி. நம் கடைகள் அந்த வரம்பைக் கனவிலும் தொடப்போவதில்லை.

சிறு நிறுவனம் என்றால் எது? சிங்கப்பூரில் பதிவாகியிருக்க வேண்டும், உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் போகக் கூடாது அல்லது ஆட்கள் 200 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. என்னிடம் வருகிற கடைகளில் பெரும்பாலானவை தாராளமாக இதற்குள் அடங்கிவிடும்.

எனக்கே உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தீர்வை எல்லா ஊழியருக்கும் உண்டு, ஒர்க் பெர்மிட்டில் வந்த தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் கட்டண மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், நீண்டகால வருகை அனுமதியில் பிளஸ் வகை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். இவருடைய 12 பேரில் 4 பேர் ஊரிலிருந்து வந்தவர்கள். "அவனுங்களுக்கும்தானே கட்டுறேன்?" என்று முதலாளி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மிச்சம் 8 பேரை வைத்துத்தான் கணக்குப் போட்டோம்.

முதல் ஆளை அனுப்பியபோது நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இந்த மாதிரி இடங்களில்தான்.

சமையற்கட்டு மேற்பார்வைக்கு ஒரு இரண்டு நாள் பயிற்சி, 16 மணி நேரம். முப்பது வயதுப் பையன், குடிமகன். பயிற்சி நிலையத்தின் படிவத்தை அவனே போனில் நிரப்பினான். கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்ற இடத்தில் 'சொந்தமாக' என்று தட்டிவிட்டான். அவ்வளவுதான், 70 விழுக்காடு 50 ஆகிவிட்டது. நிறுவனத்தின் பெயரும் யூஇஎன் என்கிற பதிவு எண்ணும் படிவத்தில் ஏறியிருந்தால்தான் சிறு நிறுவனச் சலுகை. நல்லவேளை, வகுப்பு தொடங்கும் முன் பில்லைப் பார்த்தேன், மாற்றிவிட்டோம். தொடங்கிய பிறகு என்றால் இழுபறிதான்.

அப்புறம் முதல் நாள் காலை. வருகைப் பதிவை சிங்பாஸ் என்கிற அரசாங்க மின்னடையாள ஆப்பில் கியூஆர் ஸ்கேன் செய்து போட வேண்டும். பையன் முந்தின வாரம்தான் போன் மாற்றியிருந்தான், புது போனில் சிங்பாஸ் இல்லை. வகுப்பறை வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தான். அரைமணி நேரம் போராடிச் சரி செய்தோம்.

இரண்டாம் நாள் மதியம் கடைக்கு 150 பேருக்கு ஒரு கேட்டரிங் ஆர்டர். முதலாளி பன்னிரண்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டுவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் கிளம்பி வந்தவன் திரும்பிப் போகவில்லை. மதிப்பீட்டுத் தேர்வு மூன்று மணிக்கு.

மானியத்துக்குப் பொதுவான நிபந்தனை இரண்டு: வருகை குறைந்தது 75 விழுக்காடு, மதிப்பீட்டில் தேர்ச்சி. இரண்டில் ஒன்று போனாலும் மானியம் கிடையாது. பயிற்சி நிலையம் முன்கூட்டியே மானியத்தைக் கழித்துத்தான் நம்மிடம் 270 வாங்கியிருந்தது. மூன்று வாரம் கழித்து மீதி 630 வெள்ளிக்கு பில் வந்தது. முதலாளி என்னைத்தான் பார்த்தார். இந்த நிபந்தனையை நான் வாயால் சொல்லியிருந்தேனே தவிர, எழுதி அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டவில்லை. இப்போது எல்லாக் கடைகளிலும் ஒட்டுகிறேன். 'பயிற்சி நாளில் ஆளைக் கூப்பிடாதீர்கள்' என்று நாலே வார்த்தை.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அந்த அக்காவுக்கு 40 வயசு தாண்டிடுச்சு, கவர்ன்மென்ட் 4,000 வெள்ளி குடுத்திருக்காமே. அதிலயே ஃபீஸைக் கட்டிட்டா என்ன?" 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலுமான குடிமக்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போட்டது உண்மை. அதற்குக் காலாவதியும் கிடையாது. ஆனால் அது அந்த அக்காவின் பணம். அவர் தனக்காகத் தேர்ந்தெடுக்கும் படிப்புக்கு, அதுவும் அதற்கென்று குறித்த படிப்புகளுக்கு மட்டும். நிறுவனம் அனுப்புகிற பயிற்சியை அவர் தலையில் கட்டுவது முறையில்லை. நான் அப்படிக் கணக்கு எழுதித் தர மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

வாட்ஸ்ஆப்பில் வரும் தரகர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "ஆளை அனுப்ப வேண்டாம், பெயர் மட்டும் கொடுங்கள், மானியத்தில் பங்கு தருகிறோம்" என்பார்கள். 2017ல் வெளியே வந்த மோசடியை நினைத்துக்கொள்ளுங்கள்: 9 நிறுவனங்களின் பெயரில் பொய்க் கோரிக்கைகள் போட்டு ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைச் சுருட்டினார்கள். சூத்திரதாரிகளுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. பயிற்சிக்கு ஆள் சேர்த்தால் ஷாப்பிங் கூப்பன் தருகிறேன் என்கிற நிலையத்தையும் நான் தவிர்த்துவிடுவேன். மானியம் உண்டா, எவ்வளவு என்பதை மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்தப் பயிற்சியின் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கையிலிருந்து போகும் அந்த மீதித் தொகைக்கும் ஒரு உதவி இருக்கிறது. குறைந்தது 3 உள்ளூர் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குப் புதிதாக 10,000 வெள்ளி நிறுவன ஊக்கத்தொகை என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். பழைய முறையில் முதலில் கட்டிவிட்டுப் பணம் திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். கையில் ரொக்கம் புரளாத கடைக்கு அந்தக் காத்திருப்பே பெரிய தடை. புதியது ஆன்லைன் பணப்பை மாதிரி, செலவு செய்யும்போதே கழியும்படி வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் நிலவரத்தை, நிறுவனங்களுக்கான கார்ப்பாஸ் மின்னடையாளம் வழியாக உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எங்கே தொடங்கலாம் என்றால், எப்படியும் கட்டாயமாகச் செய்யவேண்டிய பயிற்சியில் தொடங்குங்கள். உணவைக் கையாள்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு முதல் நிலைப் பயிற்சி இருந்தே ஆக வேண்டும், ஐந்தாம் வருடத்துக்குள் புத்தாக்கமும் உண்டு. தமிழில் நடத்தும் நிலையங்களும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் கடைகளுக்கு 2023 மார்ச் முதல் உணவுத்துறையின் படிப்படியாக உயரும் சம்பள முறையும் பொருந்தும், அதில் உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சியும் ஒரு நிபந்தனை. எப்படியும் செலவழிக்கப் போகிற பணத்தை முழுக் கட்டணமாகக் கொட்டுவானேன்?

நம் முதலாளி அந்த 630 வெள்ளிக்கு அப்புறம் ஒரு மாதம் பேச்சே எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். வடை போடும் அக்காவையும் அந்தப் பையனையும் சேர்த்து அனுப்பலாமா என்றார். தேதி பார்த்தோம். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் பேனாவால் அடித்துவிட்டு, அடுத்த மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமைகளை வட்டம் போட்டார். செவ்வாய் கடைக்கு விடுமுறை. "அன்னிக்கு அவங்களுக்கும் லீவு நாள் ஆச்சேண்ணே" என்றேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றவர், வட்டத்தை அடித்துவிட்டு புதன்கிழமைக்கு மாற்றினார்.