கடல் கடந்து ஜெயித்த மிக்ஸியும் அதன் அடியில் உள்ள தகடும்

குன்னூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடையை நான் நடத்தத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் பள்ளி விடுமுறை விட்டு, அங்கே வேலையில் இருக்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு மலைக்கு வந்து போகும் ஜூன், ஜூலை மாதங்களை ஒட்டி, ஒரே வகைப் பழுது என் மேசைக்கு ஆண்டு தவறாமல் வந்து சேர்கிறது. இந்த ஆண்டு அதைக் கொண்டு வந்தவர் கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பழைய சால்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல அந்த மிக்ஸியைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, மகன் வீட்டுல ஆறு வருஷமா ஓடின மிக்ஸி இது. புதுசு வாங்கிட்டோம்னு இதை எனக்குக் கொடுத்துட்டுப் போனான். இங்க போட்டா அரை நிமிஷம்கூட ஓடலை. கத்திச்சு, புகை வந்துச்சு, நின்னுபோச்சு" என்றார்.

"அம்மா, இதோட பிளக் நம்ம பாயிண்டுல ஏறாதே. எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன். மகன் அதற்கென்று ஓர் அடாப்டரையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்லி, கைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதுமே வார்னிஷ் கருகிய நெடி கடை முழுவதும் பரவியது. மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கும், செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டிய கம்யூட்டேட்டர் கரியாகியிருந்தது. அதை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களின் முனை பொரிந்திருந்தது. சுழலாமல் நிற்கும் கம்பிச் சுற்றான ஃபீல்டு காயில் பாகு முற்றிய வெல்லத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. அடிப்பகுதியில் ஒட்டியிருந்த தகட்டில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. அந்த மிக்ஸியைச் செய்தது நம் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றுதான். அதே பெயர் போட்ட மிக்ஸி என் கடைக்கு எதிரிலுள்ள பாத்திரக் கடையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர்தான் அந்த அம்மாவையும் அவருடைய மகனையும் ஏமாற்றிவிட்டது. நம் ஊர் மிக்ஸிதானே, நம் ஊரில் ஓடாமல் எங்கே ஓடப்போகிறது என்று எண்ணிவிட்டார்கள்.

நம் சமையலறைச் சாதனங்கள் வெளிநாடுகளில் விற்று வெற்றி பெற்ற கதையில் நமக்குப் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அந்த வெற்றி எதனால் வந்தது என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் இத்தனை மோட்டார்கள் கருகுகின்றன.

மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் 1960-களில் சுமீத் மிக்ஸியை உருவாக்கியதற்குக் காரணம், அவர் மனைவி மாதுரி பயன்படுத்திவந்த வெளிநாட்டு மிக்ஸர் நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனதுதான். பழச்சாறும் மாவுக் கலவையும் அடிப்பதற்கென்று செய்த மோட்டாரிடம், காய்ந்த மஞ்சளையும் ஊறிய உளுந்தையும் கொடுத்தால் அது என்ன செய்யும்? இந்தியச் சமையலறைக்கு வேறு மோட்டார், வேறு பிளேடு, கனமான எவர்சில்வர் ஜார் வேண்டும் என்ற தெளிவிலிருந்து பிறந்ததே நம் மிக்ஸி. அதற்கு முன்பே, 1955இல், கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கியிருந்தார். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1978இல் சென்னையில் தொடங்கப்பட்ட ப்ரீத்தி, வெளிநாட்டுத் தமிழர் வீடுகளிலும் பழக்கமான பெயராக வளர்ந்து, 2011இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிரஷர் குக்கரில் பெயர் பெற்ற டிடிகே பிரஸ்டீஜ் 2016இல் இங்கிலாந்தின் ஹார்வுட் நிறுவனத்தையே வாங்கியது. கோவையின் அல்ட்ரா கிரைண்டர் அமெரிக்க வீடுகளில் இட்லி மாவு அரைக்கிறது.

இவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்றது இங்கே விற்ற அதே இயந்திரத்தை அன்று. அந்த நாட்டு மின்சாரத்துக்கென்று உள்ளே மாற்றிச் செய்த இயந்திரத்தை. வெளித் தோற்றம், ஜார், நிறம், பெயர் எல்லாம் ஒன்றாக இருக்கலாம். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி வேறு.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. அந்த 120 வோல்ட்டைப் பேச்சு வழக்கில் 110 என்றே சொல்கிறோம். 750 வாட் மிக்ஸி இங்கே ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்குமானால், அதே வேலையை 120 வோல்ட்டில் செய்ய 6 ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். ஆகவே அந்த நாட்டு மாடலில் காயிலின் கம்பி தடிமனாகவும், சுற்றுகளின் எண்ணிக்கை குறைவாகவும் இருக்கும். அதைக் கொண்டுவந்து நம் 230 வோல்ட்டில் போட்டால், மோட்டார் தாறுமாறான வேகத்தில் சுழன்று, அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்து, பிரஷ்களில் தீப்பொறி பறக்கச் சில நொடிகளில் எரிந்துவிடும். அடியிலுள்ள ஓவர்லோட் சுவிட்ச் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். அது ஜாரில் பாரம் கூடும்போது காப்பதற்காக வைத்தது. இரட்டிப்பு வோல்ட்டேஜ் வந்தால் அது விழுவதற்குள் மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் போய்விடலாம். அந்த அம்மாவின் மிக்ஸியில் நடந்தது அதுதான்.

அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றுவது. தட்டைப் பின்னை உருண்டைத் துளைக்குள் நுழைக்க அது வழி செய்கிறது. ஒரு வோல்ட்டைக்கூடக் குறைப்பதில்லை. அடாப்டர் இல்லாத வீட்டில், பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர்ப் பிளக்கை மாட்டிவிடுவார்கள். அதில் சில நேரம் எர்த் ஒயரையும் விட்டுவிடுகிறார்கள். ஈரம் சுரக்கும் மலைவீட்டுச் சமையலறையில், எவர்சில்வர் ஜாரை ஈரக் கையோடு தொடும் இடத்தில், எர்த் இல்லாத இயந்திரத்தை ஓட்டுவது உயிரோடு விளையாடும் செயல் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். மிக்ஸிக்கு ஓட்டலாம். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார். அதன் வேகம் அதிர்வெண்ணைச் சார்ந்ததன்று. மிக்ஸியின் வாட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு திறனுள்ள, நல்ல செம்புச் சுற்றுள்ள, வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அமெரிக்க மிக்ஸி இங்கே ஓடும். பயணப் பையில் வைத்துக்கொள்ளும் சிறிய கன்வெர்ட்டர்கள் இதற்கு உதவா.

வெட் கிரைண்டரின் விஷயம் வேறு. நான் பார்த்த வரையில் இதைச் சொல்லி விற்கும் கடைக்காரர் மிகக் குறைவு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கிரைண்டரில் இருப்பது பிரஷ் இல்லாத, கெபாசிட்டர் வைத்த இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட்டேஜைவிட அதிர்வெண்தான். நான்கு காந்தத் துருவங்கள் கொண்ட மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1440 சுற்று அளவில் ஓடும்; அதையே 60 ஹெர்ட்ஸில் போட்டால் 1700-ஐத் தாண்டும். எந்த டிரான்ஸ்ஃபார்மரும் வோல்ட்டேஜைத்தான் ஏற்றி இறக்கும்; அதிர்வெண்ணைத் தொடாது. நம் ஊர் கிரைண்டரை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய், வோல்ட்டேஜை ஏற்றும் ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறவர்கள், கல் வேகமாகச் சுற்றுகிறது, மாவு சூடாகிறது, கெட்டி மாவு வந்ததும் மோட்டார் திணறுகிறது என்று தொலைபேசியில் சொல்வதன் காரணம் இது: வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, சுற்றும் வலு குறைகிறது. மாறாக, 60 ஹெர்ட்ஸ் கிரைண்டரை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் போட்டால், கல் மெதுவாகச் சுற்றும், மோட்டார் உறுமும், ஒரு படி அரிசி அரைபடுவதற்குள் தொட முடியாத அளவு சூடேறும். எனவே வெளிநாட்டுக்கு என்று கிரைண்டர் செய்கிறவர் மோட்டாரை அந்த அதிர்வெண்ணுக்குச் சுற்றி, கல்லின் வேகம் மாறாதபடி பெல்ட் ஓடும் புல்லியின் அளவையும் பார்த்தாக வேண்டும். அந்த அக்கறையோடு செய்தவர்களின் கிரைண்டர்தான் அங்கே நிலைத்தது.

எல்லா நாடுகளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மின்சாரம் நம்மைப்போலவே ஏறத்தாழ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பின்னின் வடிவம்தான் வேறு. சவூதி அரேபியாவில் அதிர்வெண் 60 என்பதால், வளைகுடா நாடுகள் எல்லாம் ஒன்று என்று எண்ணிக் கிரைண்டர் வாங்கி அனுப்பிவிட வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட்.

இங்கிருந்து மகளுக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு சொல். இங்கே வாங்கிய 230 வோல்ட் மிக்ஸி அமெரிக்காவில் எரியாது. ஆனால் பாதி வோல்ட்டில் சோர்ந்து சுற்றி, சட்னிக்குத் தேங்காயைக்கூட மசிக்காது. இங்கே கொடுக்கும் வாரண்டி அட்டையும் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் செல்லும். அதே நிறுவனத்தின் 110 வோல்ட் மாடல் அங்கேயே விற்கிறது. விலை கூடுதலாக இருந்தாலும் அதை வாங்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வெற்றியின் பெயரைச் சொல்லி நம் ஊரில் நடக்கும் வியாபாரமும் ஒன்று உண்டு. சீசன் நேரத்தில் மண்டபம் பிடித்து விற்பனை நடத்துகிறவர்கள், எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று சொல்லி, பெயர் தெரியாத மிக்ஸிகளைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். பெட்டியில் சிஇ என்ற எழுத்துகளைக் காட்டுவார்கள். அது ஐரோப்பியச் சந்தைக்கு உரிய விதிகளுக்கு இந்தப் பொருள் இணங்குகிறது என்று தயாரிப்பாளர் தாமே அறிவித்துக்கொள்ளும் குறி. அதைத் தரச்சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மிக்ஸிக்கு உரிய இந்தியத் தர எண் ஐஎஸ் 4250. ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால் அது உண்மையானதா என்று கடையில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் வாங்கியவர்களின் மிக்ஸிகள் ஆறு மாதத்துக்குள் என்னிடம் வருகின்றன. அவற்றுக்கு, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும் கிடைப்பதில்லை, காயிலும் கிடைப்பதில்லை.

நம் மலைக்கே உரிய தொல்லைகளும் சில உண்டு. மழைக்காலத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், லைனின் கடைசியில் உள்ள தோட்ட வீடுகளில் வோல்ட்டேஜ் இறங்குவதும் நாம் அறிந்தவை. 230 வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், கிரைண்டர் மோட்டாரின் சுற்றும் வலு ஏறத்தாழ 61 சதவீதத்துக்கு விழுந்துவிடும். கல் அசையாமல் உம் என்ற ஓசை மட்டும் வந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். கையால் கல்லைத் தள்ளிவிட்டு ஓட்டப் பார்க்க வேண்டாம். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பெல்ட் விறைத்து, கிரீஸ் இறுகியிருக்கும். சிறிது வெந்நீர் விட்டுக் கல்லை ஒரு நிமிடம் சும்மா சுற்ற விட்டு, அதன் பிறகு உளுந்தைப் போடுவது நல்லது. மாவு புளிக்கவில்லை என்று கிரைண்டரையே குறை சொல்லித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஊட்டிக் குளிரில் புளிக்காத மாவுக்குக் கிரைண்டர் என்ன செய்யும்? அடுப்படியின் கதகதப்பில் கம்பளி சுற்றி வைக்க வேண்டியதுதான். அமெரிக்கக் குளிரில் இருக்கும் நம் பெண்கள், ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, உள்ளே மாவுப் பாத்திரத்தை வைத்துப் புளிக்க வைக்கிறார்கள்.

அந்த அம்மாவின் மிக்ஸிக்கு ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் 230 வோல்ட்டுக்கு மாற்றிச் சுற்றினால், புது மிக்ஸியின் விலையில் பாதிக்கு மேல் ஆகும். சுற்றிய பிறகும் பழைய வலு இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதை மறைக்காமல் சொன்னேன். மகன் கொடுத்தது என்பதால் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. எதிர்க் கடையிலிருந்து அதே நிறுவனத்தின் 230 வோல்ட் மாடலின் அடிப்பாகத்தைக் கேட்டு வாங்கி, என் மேசையில் வைத்து, மகன் வீட்டிலிருந்து வந்த மூன்று ஜார்களையும் ஒவ்வொன்றாக அதில் ஏற்றிப் பார்த்தேன். கப்ளர் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. பாத்திரக் கடைக்காரர் புது ஜார்களைத் தாமே வைத்துக்கொண்டு, அவற்றின் விலையைக் கழித்துக் கொடுத்தார். மூன்று ஜார்களையும் அதே சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அந்த அம்மா மாலை நான்கு மணிப் பேருந்துக்குப் புறப்பட்டார்.